டக் என்று நின்றுவிடும் டெம்போ: செல்ப் எடுக்காத வண்டியில் எங்கே பார்ப்பது

பொலீரோ பிக்கப் ஆனாலும் டாடா ஏஸ் ஆனாலும் அசோக் லேலண்ட் தோஸ்த் ஆனாலும் குமரி மாவட்டத்து ஊர்வாயில் எல்லாமே டெம்போதான். சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்து எஞ்சின் சுற்றாமல் நின்றால், இங்கே வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளுவார்கள், இல்லை பேட்டரிக் கடைக்குப் போன் போடுவார்கள். புது பேட்டரி மாட்டிய மறுவாரமே அதே 'டக்' திரும்பி வரும். பிறகு எஞ்சினைச் சுற்றித் தொடங்கவைக்கும் செல்ப் மோட்டாரைக் கழற்றுவார்கள். கடைசியில் கோளாறு முந்நூறு, நானூறு ரூபாய் எர்த் வயரில் இருந்தது தெரியவரும். இந்த வீண்செலவைத் தவிர்க்கலாம். அந்தச் சத்தமே கரன்ட் எதுவரை வந்து எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிறது. அதைக் கேட்கப் பழக வேண்டும், ஒரு மல்டிமீட்டர் வேண்டும், ஸ்பேனர் எடுப்பதற்கு முன் பத்து நிமிடப் பொறுமை வேண்டும்.

செல்ப் எடுப்பதில் இரண்டு கரன்ட் பாதைகள் இருக்கின்றன. சிறிய பாதை பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச், ரிலே (சிறு கரன்டால் இயங்கும் சுவிட்ச்) வழியாக, செல்ப் மோட்டாரோடு சேர்ந்த காந்தச் சுவிட்சான சோலனாய்டின் எஸ் டெர்மினலுக்கு (சிறு வயர் சேரும் முனை) போகிறது. இதில் ஓடுவது சில பத்து ஆம்பியருக்குள். பெரிய பாதை பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து தடித்த கேபிள் வழியாக சோலனாய்டின் செம்புத் தொடுப்புகளுக்கு வந்து, செல்ப் மோட்டாருக்குள் புகுந்து, எஞ்சின் உடம்பு வழியாக எர்த் பட்டையைப் பிடித்து பேட்டரியின் மைனஸுக்குத் திரும்புகிறது. டீசல் பிக்கப்பில் இங்கே 150 முதல் 300 ஆம்பியர் வரை ஓடும், தொடங்கும் நொடியில் இன்னும் கூடுதல். சிறிய பாதை சரியாக இருந்தால் 'டக்' வரும். பெரிய பாதையும் சரியாக இருந்தால்தான் எஞ்சின் சுற்றும். ஆகவே டக் சத்தம் கேட்டுவிட்டால் சாவியும் ரிலேயும் பெரும்பாலும் தப்பித்தன, தேட வேண்டியது தடித்த வயர்கள் போகும் பாதையில்.

'டக்'கிலும் வகைகள் உண்டு. டக்டக்டக்டக் என்று மெஷின் போல விடாமல் அடித்தால் வோல்ட் குறைகிறது என்று பொருள். சோலனாய்டுக்குள் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. ஒன்று பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை இழுக்கும், மற்றது இழுத்ததைப் பிடித்து வைக்கும். பிளஞ்சர் உள்ளே போய்ச் செம்புத் தொடுப்புகளைச் சேர்த்ததும் இழுக்கும் சுருளுக்குக் கரன்ட் நின்றுவிடும், பிடிக்கும் சுருள் மட்டும் தாங்கும். அதே நொடியில் மோட்டார் முழு கரன்டையும் கேட்கிறது. பேட்டரியில் தெம்பு இல்லையென்றால் வோல்ட் சரிந்து, பிடிக்கும் சுருள் விட்டுவிடும், ஸ்பிரிங் பிளஞ்சரை வெளியே தள்ளும். லோடு போனதும் வோல்ட் மறுபடி ஏறும், மறுபடி இழுக்கும். இந்தச் சுழற்சிதான் அந்த டக்டக்.

ஒரே ஒரு கனமான 'டக்' வந்து பிறகு அமைதி என்றால், பிளஞ்சர் உள்ளே போய் நிற்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை. தொடுப்பு தேய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கலாம், எஞ்சினே இறுகியிருக்கலாம். டேஷ்போர்டுப் பக்கமிருந்து மட்டும் மெல்லிய 'டிக்' வந்தால் அது ரிலேயின் சத்தம், சோலனாய்டுக்குக் கரன்டே போகவில்லை. செல்ப் சர்ரென்று தனியாகச் சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் அது பெண்டிக்ஸ் (எஞ்சினோடு பல் சேர்க்கும் சிறு கியர்) கோளாறு, வேறு கதை.

இனி லைட். "லைட்டு நல்லாத்தான் எரியுது, பேட்டரி கொள்ளாம் அண்ணே" என்று டிரைவர்கள் சொல்வதை ஒர்க்‌ஷாப்பில் தினமும் கேட்கலாம். அந்த நம்பிக்கை ஏன் தவறு என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு டெர்மினல் இணைப்பில் அழுக்கால் 0.01 ஓம் தடை ஏற்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து இழுப்பது சுமார் 10 ஆம்பியர், அந்த இடத்தில் இழப்பு 0.1 வோல்ட். கண்ணுக்கே தெரியாது. செல்ப் 200 ஆம்பியர் கேட்டால் அதே இடத்தில் இழப்பு 2 வோல்ட். 12 வோல்ட் வண்டியில் ஓர் இணைப்பிலேயே 2 வோல்ட் போனால் டீசல் எஞ்சினைச் சுற்ற மீதி போதாது. இழந்தது எங்கும் மறைவதில்லை, 400 வாட் சூடாக அந்த இடத்திலேயே இறங்குகிறது. இரண்டு மூன்று முறை செல்ப் அடித்துப் பார்த்துவிட்டு கேபிள் முனைகளை விரலால் தொட்டால் எது சுடுகிறதோ அதுவே குற்றவாளி. மீட்டரே இல்லாத இடத்திலும் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

லைட்டைப் பயன்படுத்தவும் ஒரு முறை இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டு வைத்துக்கொண்டு செல்ப் அடியுங்கள். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, எதிர்ச் சுவரில் விழும் வெளிச்சத்தையோ கேபின் விளக்கையோ பார்த்தால் போதும். வெளிச்சம் செத்துப்போவது போல மங்கினால் பேட்டரியையோ அதன் டெர்மினலையோ பாருங்கள். மங்காமல் அப்படியே நின்றால் பெரிய கரன்ட் ஓடவே இல்லை, பாதை எங்கோ அறுந்திருக்கிறது. டக்டக் என்று விடாமல் அடித்தும் லைட் மங்கவில்லை என்றால் எஞ்சின் எர்த்தைச் சந்தேகியுங்கள். ஹெட்லைட்டின் கரன்ட் பாடி வழியாகத் திரும்புகிறது, எஞ்சின் எர்த் பட்டையைத் தொடுவதே இல்லை. அதனால் அந்தப் பட்டை கெட்டுப்போனதை லைட் ஒருநாளும் காட்டிக்கொடுக்காது.

கழற்றும் வேலை பேட்டரி டெர்மினலில் தொடங்கட்டும். முதலில் மைனஸ், பிறகு பிளஸ். மாட்டும்போது மைனஸ் கடைசி. பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் ஷார்ட் ஆகும். வெளியே பூத்திருக்கும் வெள்ளை, நீலப் பூ எல்லோர் கண்ணிலும் படும். உண்மையான தடை கிளாம்புக்கும் ஈயக் கம்பத்துக்கும் நடுவில் படியும் மெல்லிய கறுப்புப் படலத்தில் இருக்கிறது, கழற்றாமல் அது தெரியாது. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றினால் ஆசிட் நுரைத்து அடங்கும். செல் மூடிகள் இறுக மூடியிருக்க வேண்டும், சோடா உள்ளே இறங்கினால் பேட்டரி கெடும். கழுவித் துடைத்து, உப்புத்தாளால் கம்பமும் கிளாம்பின் உட்புறமும் பளபளக்கும்வரை தேயுங்கள். மாட்டி இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள், இறுக்குவதற்கு முன் அல்ல. கிளாம்பைக் கையால் திருக முடிகிறது என்றால் அது லூஸ். ஆணியையோ தகரத் துண்டையோ இடையில் செருகி இறுக்கும் பழக்கம் வேண்டாம். தொடும் பரப்பு குறைந்து அதே இடம் மறுபடி சுடும். விரிந்த கிளாம்பை மாற்றுவதே சரி.

அடுத்து எர்த். இந்த மாவட்டத்தில் வண்டி ஓட்டுகிற யாரும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரன்டைக் கடத்தாது. எஞ்சினையோ கியர் பாக்ஸையோ சேசிஸுடன் சேர்க்கும் ஒற்றைப் பட்டைதான் செல்ப்பின் 200 ஆம்பியரையும் திருப்பிக் கொண்டுவருகிறது. அது இருப்பதோ வண்டிக்கு அடியில், சேறும் தண்ணீரும் அடிக்கும் இடத்தில்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் துறைகளில் மீன் ஏற்றும் வண்டிகளைக் குனிந்து பாருங்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பாடிப் பலகையின் இடுக்கு வழியே சேசிஸில் சொட்டிக்கொண்டே இருக்கும். பின்னல் போட்ட செம்புப் பட்டை விளக்குத் திரி போல அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். செம்பும் இரும்பும் சேரும் இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் இரும்பு வேகமாக அரிக்கும், செம்பில் பச்சைப் பூக்கும். வெளியே முழுசாகத் தெரியும் பட்டையை இரண்டு விரலால் மடக்கினால் இழைகள் பொடியாக உதிரும். உறை போட்ட கேபிள் என்றால் லக்குக்கு (கேபிள் முனையில் போல்ட் மாட்டும் வளையம்) பக்கத்தில் ஒரு அங்குலம் உறையைக் கீறிப் பாருங்கள். செம்பு சிவப்பாக இல்லாமல் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த கேபிளின் காலம் முடிந்தது. குலசேகரம், அருமனைப் பக்கம் உப்பு கிடையாது. ஆனால் அமோனியா கலந்த ரப்பர் பால் பீப்பாய் ஏற்றும் வண்டிகளில் சிந்தும் பாலும் செம்புக்குப் பகைதான்.

இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்று) போகும் முன் சேசிஸுக்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பார்கள். எர்த் போல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலும் பெயின்ட் அடித்து, காய்ந்த பிறகு லக்கை அதன் மேலேயே மாட்டுவார்கள். பெயின்ட் கரன்டைத் தடுக்கும், போல்ட்டின் மரை மட்டும் ஏதோ கொஞ்சம் கடத்தும். எஃப்.சி. முடிந்து இரண்டு வாரத்தில் செல்ப் திணறினால் முதலில் அந்த போல்ட்டைக் கழற்றி, லக் உட்காரும் வட்டத்தில் பெயின்டைச் சுரண்டி வெள்ளை இரும்பைக் காட்டுங்கள். பல்வைத்த வாஷர் போட்டு இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவலாம். செல்ப் மோட்டாருக்கும் அதன் உடம்புதான் எர்த். ஆகவே கிளட்ச் ஹவுசிங்கில் அது உட்காரும் முகத்திலும் பெயின்ட், துரு இருக்கக் கூடாது.

எர்த் கோளாறை உறுதி செய்ய மீட்டர்கூட வேண்டாம். நல்ல ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத கனத்த இரும்புப் பகுதியிலும் கவ்வவிட்டு செல்ப் அடியுங்கள். சுற்றினால் விஷயம் முடிந்தது, எர்த் பட்டையை மாற்றுங்கள். ஆக்சிலரேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ காரணமில்லாமல் சூடாகி இறுகினாலும் இதையே சோதியுங்கள். எர்த் பட்டை கைவிட்ட கரன்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்ப முயல்கிறது என்று அர்த்தம். மாற்றும்போது 35 சதுர மி.மீ. செம்பு கேபிளை இரண்டு பக்கமும் லக் அழுத்தி, ஈயம் ஊற்றி வாங்குங்கள். எஞ்சின் குலுங்கும், அதற்குத் தக்க தளர்வு விடுங்கள். இழுத்துக் கட்டினால் லக் அருகே இழை அறும்.

மீட்டர் இருந்தால் டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான். 10.5 காட்டினால் ஆறு செல்லில் ஒன்று செத்திருக்க நல்ல வாய்ப்பு, ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட் என்பதால். அதை எத்தனை மணி நேரம் சார்ஜில் போட்டாலும் பயனில்லை. ஆனால் நிற்கும்போது காட்டும் வோல்ட்டை மட்டும் நம்பி பேட்டரிக்கு நற்சான்று கொடுக்கக் கூடாது. செல்ப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் தாங்க வேண்டும். சார்ஜ் முழுதாக இருந்தும் 6, 7 என்று சரிந்தால் பெரும்பாலும் பேட்டரி தளர்ந்துவிட்டது. இறுகிப்போன மோட்டாரும் இப்படி இழுக்கும், அதனால் வாங்குவதற்கு முன் கடையில் லோடு டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12.5-லேயே அசையாமல் நின்றால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள்.

அடுத்தது வோல்ட் இழப்பு. ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும் மறுமுனையை செல்ப்பில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மைனஸ் கம்பத்துக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவில் 0.3-க்குள். சோலனாய்டின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு நடுவில் 0.3-க்குள். ஈயக் கம்பத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் கிளாம்புக்கும் நடுவில் 0.1-க்குள். முனையைக் கிளாம்பில் வைத்து அளந்துவிட்டுப் 'பேட்டரியில் அளந்தேன்' என்று நினைப்பதே இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. எந்த இடத்தில் எண் பெரிதாகிறதோ அங்கேதான் வேலை. சோலனாய்டின் இரண்டு போல்ட்டுக்கு நடுவில் டக் சத்தத்துக்குப் பிறகும் 12 வோல்ட் நின்றால் உள்ளே தொடுப்பு சேரவில்லை.

எஸ் டெர்மினலுக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவில் செல்ப் அடிக்கும்போது 10 வோல்ட் வர வேண்டும். அதைவிடக் குறைந்தால் சாவி சுவிட்ச், ரிலே, அல்லது அந்த எஸ் டெர்மினலில் செருகும் சிறு கனெக்டர். கடற்கரை வண்டிகளில் இந்தக் கனெக்டரை உருவிப் பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். ரிலேயைச் சோதிக்க அதே எண்ணும் அதே பின் அமைப்பும் உள்ள இன்னொரு ரிலேயை மாற்றிப் போட்டாலே தெரிந்துவிடும்.

ஸ்குரூடிரைவரால் சோலனாய்டைப் பாலம் போட்டு ஸ்டார்ட் செய்யும் வழக்கம் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கிறது. கியர் விழுந்திருந்தால் வண்டி பாய்ந்து, கீழே கிடப்பவர் மேல் ஏறும். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கல், மூன்றும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. மோதிரம், கைக்கடிகாரம் கழற்றி வைத்துவிடுங்கள்.

கோளாறு செல்ப்பில்தான் என்று தெரிந்தால், கழற்றும் முன் பேட்டரி மைனஸை எடுத்துவிடுங்கள். தடித்த போல்ட்டில் எப்போதும் கரன்ட் இருக்கும். தொடுப்பு மாற்றக்கூடிய வகையில் இரண்டு செம்புத் துண்டுகளையும் பிளஞ்சரின் செம்பு வட்டத்தையும் சேர்த்தே பாருங்கள். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் சிறு பொறி கொத்திக் கொத்திக் குழி விழுந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் சீக்கிரம் திரும்ப வரும். பிரஷ் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் முழு செட்டும் மாற்றுங்கள். காலையில் எடுத்து, பேச்சிப்பாறை ஏறி இறங்கிச் சூடான பிறகு மட்டும் 'டக்' என்று நின்றால் புஷ் (அச்சைத் தாங்கும் வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் (சுழலும் பகுதி) உரசுகிறதா பாருங்கள். செம்பின் தடையும் சூட்டில் கூடும், 60 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட கால் பங்கு. செல்ப்பின் மேல் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டினால் ஒட்டிக்கொண்ட பிரஷ் ஒருமுறை விட்டுக்கொடுக்கும். வீடு வந்து சேரத்தான் அது உதவும். சுத்தியலால் அடித்தால் காந்த வகை மோட்டாரில் காந்தம் உடையும்.

மழைக்காலத்துக்கு ஒரு எச்சரிக்கை. நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமும் உண்டு. பழையாறு பெருகி நாஞ்சில் நாட்டு வயலோரச் சாலைகள் மூழ்கும் நாட்களில், தண்ணீருக்குள் போன வண்டி நின்று, பிறகு ஒற்றை 'டக்' மட்டும் வந்தால் சாவியைத் திரும்பத் தொடாதீர்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதில் மோதினால் கனெக்டிங் ராடு வளையும். நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி எஞ்சினைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுத் திருப்ப முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் குளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே செல்ப். தண்ணீரில் இறங்காத வண்டி இப்படி நின்றால், சாவியை ஆஃப் செய்து, உயர்ந்த கியரில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். எஞ்சினின் பல்சக்கரமான ரிங் கியரில் சிக்கிய செல்ப்பின் பல் விடுபடலாம்.

வேறு வண்டியிலிருந்து கரன்ட் எடுக்க வேண்டுமானால், அது 12 வோல்ட் வண்டியா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். பெரிய லாரிகளிலும் பஸ்களிலும் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஓடுகிறது. அதை டெம்போவில் கொடுத்தால் எலக்ட்ரானிக் பாகங்கள் புகைந்துவிடும். வரிசை இதுதான்: செத்த பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனை செத்த வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், கடைசி இணைப்பில் பொறி பறக்கும், இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓட விட்ட பிறகு செல்ப் அடியுங்கள். ஒரு முறைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம், இடையில் ஒரு நிமிடம் விடுங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்வது பழைய பம்ப் வண்டிகளுக்குச் சரி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை விதி) வண்டிகளில் எஞ்சினை இயக்கும் கணினியான ஈ.சி.யு.வுக்கே வோல்ட் வேண்டும், பேட்டரி முழுதாகச் செத்திருந்தால் எவ்வளவு தள்ளினாலும் டீசல் பாயாது. வண்டி எடுத்த பிறகு பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். வரவில்லையென்றால் பெல்ட்டோ ஆல்டர்னேட்டரோ கவனிக்கப்பட வேண்டும், நாளைக் காலையிலும் அதே 'டக்'தான்.

மீன் வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று. நம் மாவட்டத்தில் கிழக்குக் கடற்பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கடற்பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்தந்தப் பக்கத்தின் 61 நாளும் பல டெம்போக்கள் தென்னை மூட்டில் அசையாமல் நிற்கும். சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், ஈ.சி.யு., பாட்டு செட் என்று 50 மில்லி ஆம்பியர் வரை கசிவது இயல்பு. நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி, 61 நாளுக்கு 73. ஒரு முழு பேட்டரி அதில் தீர்ந்துவிடும். காலியாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டால் பிறகு சார்ஜ் ஏறாது. வண்டியை நிறுத்தும் அன்றே மைனஸைக் கழற்றி விடுங்கள். டிஸ்டில்டு வாட்டர் அளவைப் பார்த்து, மாதம் ஒருமுறை மீட்டர் வையுங்கள், 12.4-க்குக் கீழே வந்தால் சார்ஜில் போடுங்கள். எர்த் பட்டையைக் கழற்றிப் பார்க்கவும் அந்த இரண்டு மாதம்தான் வசதி. வண்டி காலியாக இருக்கும், அடியில் உப்புத் தண்ணீர் சொட்டாது.